கார்டு எண்ணித் தேதி சொல்வது: மூன்று வருட அனுபவம்

"ரிலீஸ் எப்போ?" என்று எங்கள் சாஃப்ட்வேர் டீமிடம் கேட்டால் முன்பெல்லாம் ஸ்டோரி பாயிண்ட்டை (ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பெரியது என்று நாங்களே ஊகித்துப் போடும் எண்) கூட்டி, வெலாசிட்டியால் (டீம் ஒரு சுற்றில் முடிக்கும் பாயிண்ட்) வகுத்து ஒரு தேதி சொல்வேன். அது பொய்த்துப் போகும். மூன்று வருடமாக, பழைய எண்களைக் குலுக்கிக் கணிக்கும் மான்டே கார்லோ முறைதான். இனி பழையதற்குத் திரும்பமாட்டேன்.

கடைசி 12 வாரத்தில் வாரத்துக்கு எத்தனை கார்டு (ஒரு கார்டு என்றால் ஒரு வேலை) உண்மையிலேயே முடிந்தது என்று எக்செலில் எழுதிக்கொள்வேன்: 4, 6, 1, 5, 0, 7 என்று போகும். மீதி 40 கார்டு என்றால், இந்த எண்களைச் சீட்டாகக் குலுக்கி ஒன்றை எடுத்து 40-லிருந்து கழிக்க வேண்டும். சீட்டைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த வாரத்துக்கு மறுபடி குலுக்கல். எல்லாம் தீர எத்தனை வாரம் ஆனது? கம்ப்யூட்டர் இதையே 10,000 தடவை செய்யும். நூற்றுக்கு 85 தடவை எந்த வாரத்துக்குள் முடிகிறதோ, அதைத்தான் மேனேஜரிடம் சொல்வேன். 1946-ல் நோயிலிருந்து தேறிக்கொண்டே தனியாகச் சீட்டாடிய கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாமுக்குத் தோன்றிய யோசனை இது.

பூஜ்யத்தை மட்டும் நீக்கிவிடாதீர்கள். முதல் வருடம் நான் நீக்கினேன், சீனப் புத்தாண்டு வாரம்தானே என்று. அப்புறம் ஹரி ராயா, தீபாவளி, நடுவில் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு ரிசர்விஸ்ட் அழைப்பு (தேசிய சேவை முடித்தவர்களை மறுபடி பயிற்சிக்குக் கூப்பிடுவது). சிங்கப்பூரில் வருடத்துக்கு 40 நாள் வரை கூப்பிடலாம். வழக்கமான வாரம் என்று இங்கே எதைச் சொல்வது? ரிலீஸ் ஆறு வாரம் தள்ளிப்போனது.

தரத்துக்குக் கார்டின் வயதை, அதாவது கையில் எடுத்து எத்தனை நாள் ஆகிறது என்பதைப் பார்க்கிறேன். எங்கள் டீமில் பெரும்பாலான கார்டு 5 நாளில் முடியும். 9 நாள் தாண்டியதைத் திறந்தால், ஒன்று தேவையே சரியாகப் புரிந்திருக்காது. இல்லையென்றால் ரிவ்யூவுக்கு (டீமில் இன்னொருவர் கோடைப் படித்துச் சரிபார்ப்பது) வந்த மாற்றம் யாரும் முழுசாகப் படிக்க முடியாத அளவு பெரிதாக இருக்கும். ஒரு ரீஃபண்ட் கார்டு 14 நாள் கிடந்தது. டெஸ்டிங் பார்க்கும் தம்பி, "அண்ணே, மூணு தடவை திரும்பி வந்திருக்கு, இந்த ரிலீஸ்ல வேணாம்" என்றான். நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு எக்ஸ்போ ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது போன்: ஒரே ஆர்டருக்குப் பணம் இரண்டு தடவை திரும்பப் போகிறது. ஆபீஸ் இருக்கும் சாங்கி பிசினஸ் பார்க்குக்கே திரும்பி நடந்தேன்.

கார்டு இப்படிக் கிடக்காமல் இருக்க, அதன்பிறகு ஒரே நேரத்தில் கையில் எடுக்கும் வேலையையே குறைத்தோம். 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த விதிதான் காரணம்: கையில் 15 கார்டு, வாரம் 5 முடிகிறது என்றால் ஒவ்வொன்றுக்கும் சராசரி மூன்று வாரம். கையில் 5 மட்டும் இருந்தால் ஒரு வாரம்.

டீம் மாறினால் பழைய எண் உதவாது. போன மாதம் இரண்டு பேர் வேறு பிராஜெக்ட்டுக்குப் போனார்கள். பழைய 12 வாரத்தையும் அழித்துவிட்டேன். ஆறு வாரத்துக்குப் புது எண் சேரும்வரை யாருக்கும் தேதி சொல்லமாட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன்.