படம் வரைந்து குறிப்பெடுக்க எது: காகித நோட்டா, டேப்லெட் ஆப்பா, எக்ஸ்காலிட்ராவா?

நர்சிங் மாணவிகளுக்கு உடலியங்கியல் எடுக்கிறேன். வரிவரியாக எழுதிய குறிப்பு எனக்கு மனதில் நிற்காது. சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான நெஃப்ரானை வரைந்து, அதிலுள்ள ஹென்லே வளைவின் இறங்கு குழலில் தண்ணீர் வெளியேறுகிறது, ஏறு குழலில் உப்பு வெளியேறுகிறது என்று இரண்டு நிறத்தில் அம்புக்குறி போட்ட பிறகுதான் பாடம் பிடிபடும். ஆறு வருஷத்தில் மூன்று வழிகளில் வரைந்து பார்த்துவிட்டேன்: காகித நோட்டு, ஐபேடில் குட்நோட்ஸ் என்ற குறிப்பெடுக்கும் ஆப், இப்போது அப்சிடியன் என்ற குறிப்பு மென்பொருளுக்குள் எக்ஸ்காலிட்ரா பிளக்இன் (எக்ஸ்காலிட்ரா என்பது படம் வரையும் மென்பொருள், அதை அப்சிடியனுக்குள் சேர்க்கும் துணைநிரல்தான் பிளக்இன்). இப்போதைக்கு மூன்றாவதில் நிலைத்துவிட்டேன், அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

கோடு போடாத நோட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலிவு, சார்ஜ் வேண்டாம், கை தானாக ஓடும். ஓரத்தில் இடம் தீர்ந்தால் படத்தை நகர்த்த முடியாது, அவ்வளவுதான். கருத்தரங்குகளுக்கு இன்றும் அதைத்தான் எடுத்துப்போகிறேன்.

எழுதும் சுகத்துக்கு மூன்றில் குட்நோட்ஸ்தான் முதலிடம். ஆப்பிள் பென்சில் (ஐபேடில் எழுதும் மின்பேனா) போகும் இடத்தில் கோடு உடனே விழுகிறது, பிடிஎஃப் பாடங்களின் மேலேயே எழுதலாம். 2023-ல் வந்த ஆறாம் பதிப்போடு சந்தாவும் வந்துவிட்டது, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பென்சில் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: அதே வருஷம் வந்த, விலை குறைந்த யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சிலில் அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்காது. எழுத, பெட்டி போட அது போதும், ஆனால் நிழல் தீட்டிப் படம் வரைகிறவர்களுக்குப் போதாது.

நான் மாறியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: ஐந்து வருஷம் கழித்து அந்தப் படம் என் கைக்கு வருமா, வந்தால் அதைத் திருத்த முடியுமா? குட்நோட்ஸுக்கு முன்பு வேறொரு ஆப்பில் இரண்டு வருஷக் குறிப்பு வைத்திருந்தேன். டேப்லெட் மாற்றியபோது எல்லாவற்றையும் பிடிஎஃப்பாக எடுத்தேன். படங்கள் வந்தன, ஆனால் அப்படியே உறைந்துபோய். ஒரு அம்புக்குறியை நகர்த்தவோ தப்பான பெயரை மாற்றவோ முடியவில்லை. இதயத்தின் மின்பாதைப் படத்தை மறுபடி முதலிலிருந்து வரைந்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது.

எக்ஸ்காலிட்ரா ஃபைல் வெறும் எழுத்துதான். நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு கோடும் பெட்டியும் எந்த இடத்தில், எந்த நிறத்தில் என்று பதிவாகியிருப்பது தெரியும். 2020-ல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் அது, நாளைக்கு அந்தத் தளமே மூடப்பட்டாலும் நிரலை எடுத்து யாரும் ஓட்டலாம். அப்சிடியன் பிளக்இன் ஒவ்வொரு படத்தையும் ஒரு மார்க்டவுன் ஃபைலாக (எளிய குறிகள் மட்டும் சேர்ந்த எழுத்து ஃபைல்) வைத்துக்கொள்கிறது, படத்தில் நான் தட்டச்சு செய்த சொற்கள் அதில் தனியாக இருக்கும். அதனால் தேடலில் "நெஃப்ரான்" என்று தமிழில் போட்டால் எப்போதோ வரைந்த படம்கூட வந்து நிற்கிறது. அதே படத்தை நான்கு பாடக்குறிப்பில் ஒட்டியிருக்கிறேன், ஓரிடத்தில் திருத்தினால் நான்கிலும் மாறிவிடும். கையால் கிறுக்கிய எழுத்து மட்டும் தேடலில் வராது. அதற்காகத் தலைப்பையும் உறுப்புகளின் பெயரையும் தட்டச்சு செய்துவிட்டு, மீதியைப் பேனாவால் வரைகிறேன். இரண்டு அமைப்புகளை முதல் நாளே மாற்றிவிடுங்கள்: படத்தின் தரவைச் சுருக்கி வைப்பதை நிறுத்துங்கள் (சுருக்கினால் ஃபைலை வெறும் எழுத்தாகப் படிக்க முடியாது), எஸ்விஜி நகல் (பிரவுசரிலேயே திறக்கும் பட வடிவம்) தானாகச் சேமிப்பதை ஆன் செய்யுங்கள்.

குறைகளும் உண்டு. ஐபேடில் கோடு குட்நோட்ஸ் அளவுக்கு உடனடியாக விழாது, வேகமாகப் பேசும் ஒருவரின் உரையைக் கேட்டபடி வரையும்போது இது உறுத்தும். நிறைய புகைப்படம் சேர்த்தால் போனில் திறக்க நேரமாகும். எக்ஸ்காலிட்ராவின் கையெழுத்துப் பாணி ஃபான்டில் தமிழ் எழுத்து இல்லாததால், ஆங்கிலச் சொல் ஒரு மாதிரியும் தமிழ்ச் சொல் வேறு மாதிரியும் தெரியும். பிளக்இன் அமைப்பில் நமக்குப் பிடித்த தமிழ் ஃபான்ட் ஒன்றைச் சேர்த்த பிறகு எனக்கு அது சரியாகிவிட்டது.

சாம்சங் டேப்லெட்டை அக்கா மகளிடம் வாங்கி ஒரு வாரம் மட்டும் பயன்படுத்தினேன். பேனா பெட்டியிலேயே வந்தது, எழுதுவதற்கு அதைச் சார்ஜ் செய்யத் தேவைப்படவில்லை. ஒரு வாரத்தை வைத்து அதற்கு மேல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

உங்கள் வேலை பெரும்பாலும் ஆசிரியர் தரும் பிடிஎஃப்பின் மேல் எழுதுவது என்றால் குட்நோட்ஸே வாங்குங்கள், யோசிக்க வேண்டாம். சொந்தமாக வரைந்து, வருஷா வருஷம் அதே படத்தைத் திருத்திப் பயன்படுத்துகிறவர் என்றால், டேப்லெட்டுக்குப் பணம் போடுவதற்கு முன் பிரவுசரில் எக்ஸ்காலிட்ராவைத் திறந்து, மவுஸாலேயே ஒரு பாடத்தை வரைந்து பாருங்கள். கணக்குத் தொடங்கத் தேவையில்லை, காசும் கேட்காது.