அப்பாவுக்காகச் செய்த டார்ச்: மூன்று வருடம் கழித்து

அப்பாவுக்கு 81 வயது. நான்கு வருடத்துக்கு முன் அவருக்கு நான் வாங்கிக் கொடுத்தது, என் கண்ணுக்கு மிக நல்ல ரீசார்ஜபிள் டார்ச். ஒரே பட்டன்தான். ஒரு தரம் அழுத்தினால் எரியும், அழுத்திப் பிடித்தால் மங்கும், இரண்டு தரம் தட்டினால் முழு வெளிச்சம், மூன்று தரம் தட்டினால் வெட்டி வெட்டி மின்னும், நான்கு தரம் தட்டினால் பூட்டிக்கொள்ளும். எனக்கு இதெல்லாம் விரலிலேயே பதிந்துவிட்டதால், அவருக்கும் பதிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் இரவு கரண்ட் போனது. மாடியிலிருந்து இறங்க அப்பா டார்ச்சை எடுத்திருக்கிறார். பதற்றத்தில் மூன்று நான்கு தரம் அழுத்தியதும் அது மின்ன ஆரம்பித்துவிட்டது. அணைக்கவும் தெரியவில்லை. அந்த வெட்டு வெளிச்சத்தில் படி எங்கே முடிகிறது என்று தெரியாமல், நான் போகும்வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுப்படியில் நின்றிருந்தார். "எத்தனை தரம்ப்பா அழுத்தணும்?" என்று மட்டும்தான் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவருக்குக் கால் தளரவில்லை, கண்ணும் பரவாயில்லை. அன்று தவறியது நான் கொடுத்த பொருள்.

சாலிடரிங் பழக்கம் இருந்ததால், கடையில் தேடுவதை விட்டுவிட்டு நானே ஒன்று செய்ய உட்கார்ந்தேன். இப்போது அப்பா, பெரியம்மா, மாமா மூன்று பேரிடமும் ஒவ்வொன்று இருக்கிறது. மூன்று வருடத்தில் எது நின்றது, எதை மாற்ற வேண்டி வந்தது என்று சொல்கிறேன்.

முதலில் சுவிட்ச், ஏனென்றால் அதுதான் எல்லாமே. முதல் டார்ச்சில் 'டிக்' என்று அழுந்தும் பட்டன் வைத்தேன். ஒரு தரம் அழுத்தினால் எரியும், இன்னொரு தரம் அழுத்தினால் அணையும். இதைவிட எளிதாக என்ன இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. அப்பா காது மிஷின் போடுபவர், இரவில் கழற்றி வைத்துவிடுவார். அந்த 'டிக்' அவருக்குக் கேட்காது. பெரியம்மாவுக்கு விரல் மூட்டில் வாதம், ஸ்பிரிங்கை முழுதாக அழுத்த முடியவில்லை. இருவருக்கும் பொதுவான சிரமம் ஒன்று இருந்தது. பட்டனைத் தொட்டுப் பார்த்தால் டார்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது. பகலில் எரிந்துகொண்டே கிடப்பது அப்படித்தான்.

தள்ளும் சுவிட்சுக்கு மாறினேன். முன்னால் தள்ளினால் எரியும், பின்னால் இழுத்தால் அணையும். கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் தடவினாலே நிலை தெரியும். சுவிட்சின் தலையைச் சாதாரணமாக இருப்பதைவிட இரண்டு மடங்கு அகலமாக, மேலே வரி வரியாகச் செய்தேன். பெரியம்மா உள்ளங்கையின் ஓரத்தாலேயே தள்ளிவிடுகிறார். மூன்று வருடத்தில் இதைப் பற்றி ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

வெளிச்சத்தில் நான் தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்தேன். வயதானால் கண்மணி சுருங்கும், லென்ஸ் மஞ்சளாகும். 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள். அப்படியானால் ஆயிரம் லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கொடுப்போமே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதே கண்ணுக்குக் கூச்சமும் அதிகம், இருட்டுக்குப் பழக எடுக்கும் நேரமும் அதிகம். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் கடும் வெளிச்சத்துக்குப் பிறகு அப்பா ஒரு நிமிடமாவது நின்றுதான் நடப்பார். ஏஎம்சி 7135 என்று ஒரு சின்னச் சிப் இருக்கிறது. எல்இடிக்கு 350 மில்லி ஆம்பியர் அளவில் ஒரே சீராக மின்னோட்டம் விடும், வேறு எதுவும் செய்யாது. அதில் ஒன்றே ஒன்றைப் போட்டேன். நூறு லூமென் வாக்கில் வருகிறது. வீட்டுக்குள் நடக்க அது தாராளம்.

அளவைவிட, வெளிச்சம் விழும் விதம் முக்கியமாக இருந்தது. நடுவில் பளிச்சென்று வட்டமும் சுற்றிலும் இருட்டுமாக இருந்தால், வட்டத்துக்கு வெளியே இருக்கும் படியின் விளிம்பு காணாமல் போய்விடுகிறது. மணல் தெளித்தது போன்ற சொரசொரப்பான லென்ஸ் போட்டதும் தரை முழுக்க ஒரே சீராகத் தெரிந்தது. எல்இடி 3000 கெல்வின், அதாவது மஞ்சள் கலந்த வெள்ளை. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் குறியீடு நூற்றுக்கு 90க்கு மேல். இந்தக் குறியீட்டை மற்றவர்கள் அலங்காரம் என்று நினைக்கலாம். மாத்திரை அட்டையில் சிவப்பா, ஆரஞ்சா என்று இரவில் பார்க்க வேண்டியவர்களுக்கு அது அலங்காரம் இல்லை.

அந்தச் சிப்பில் எதிர்பாராமல் கிடைத்த நன்மை ஒன்று. பேட்டரி தீரும் நேரத்தில் வெளிச்சம் பட்டென்று நிற்காது, கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். பழைய கட்டை பேட்டரி டார்ச் அப்படித்தான் மங்கும், அப்பாவுக்கு அது ஆயுள் முழுக்கத் தெரிந்த விஷயம். மங்கினால் சார்ஜில் வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவே வேண்டியிருக்கவில்லை. நான் முதலில் வைத்த சிவப்பு, பச்சை விளக்குகளைத்தான் அவர் கவனிக்கவே இல்லை. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், எங்கள் மாமா அதில் ஒருவர். அந்த விளக்குகளை எடுத்துவிட்டேன்.

சார்ஜ் செய்வதுதான் என்னை அதிகம் படுத்தியது. டைப் சி துளை வைத்து, மேலே ரப்பர் மூடியும் வைத்தேன். அந்த மூடியை நகத்தால் நெம்பித் திறக்க வேண்டும், பெரியம்மாவால் முடியாது. அப்பா புதிய போனின் கேபிளைச் செருகினார், இரண்டு முனையும் டைப் சி. இரவு முழுக்க வைத்தும் ஏறவில்லை. அப்புறம்தான் என் தவறு தெரிந்தது. அந்தத் துளையில் இரண்டு இணைப்புகளில் தலா ஒரு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் அந்த மாதிரி சார்ஜர் மின்சாரமே விடாது. கடையில் விற்கும் பல டார்ச்சுகளிலும் இதே குறை உண்டு. பெட்டியில் வந்த கேபிளில் மட்டும் ஏறுகிறது, வேறு கேபிளில் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கடைசியில் நின்றது, வைத்தால் சார்ஜ் ஏறும் ஒரு தாங்கி. தண்ணீர் டம்ளரை வைப்பது போல மேலிருந்து இறக்கி வைக்க வேண்டியதுதான். முதல் தாங்கியில் இரண்டு பின்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. திருப்பி வைத்தால் ஏறாது. வாரத்தில் பாதி நாள் திருப்பித்தான் வைத்திருந்தார்கள். அடுத்ததில் டார்ச்சின் அடியில் நடுவே ஒரு புள்ளி, சுற்றி ஒரு வளையம். எப்படிச் சுழற்றி வைத்தாலும் தொடும். சார்ஜ் செய்யும் சர்க்யூட் டார்ச்சுக்குள் இருப்பதால், பையில் சாவியோடு உரசினால் ஷார்ட் ஆகாதபடி நடுவில், மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு போட்டிருக்கிறேன்.

எப்போதும் தாங்கியிலேயே இருந்தால் பேட்டரி கெடாதா என்று கேட்பார்கள். லித்தியம் அயான் செல்லை முழு 4.2 வோல்ட்டிலேயே மாதக்கணக்கில் வைத்தால் சீக்கிரம் மூப்படையும் என்பது உண்மை. அதனால் 4.1 வோல்ட்டில் நிறுத்தும்படி அமைத்தேன். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு போகும், ஆயுள் கூடும். 2600 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள, 18650 என்ற அளவு உருளை செல், புதிதில் ஆறரை மணி நேரம் எரிந்தது. போன மாதம் அப்பாவுடையதை எரிய விட்டுப் பார்த்தேன், ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. போதும்.

தாங்கியில் இன்னொரு பெரிய தவறும் செய்தேன். இருட்டில் இருக்குமிடம் தெரிய அதில் ஒரு சின்ன விளக்கு வைத்திருந்தேன். கரண்ட் போனதும் அதுவும் அணைந்துவிட்டது! தேடவேண்டிய அந்த நிமிடத்தில்தான் டார்ச் கண்ணுக்குத் தெரியாமல் போனது. அந்த விளக்கை டார்ச்சின் கழுத்துக்கே மாற்றினேன், அதன் பேட்டரியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 50 மைக்ரோ ஆம்பியர்தான். ஒரு வருடம் இடைவிடாமல் எரிந்தாலும் 440 மில்லி ஆம்பியர்-மணிக்குள் அடங்கும். இரவில் கண் விழித்தால் அந்தப் புள்ளியைப் பார்த்துக் கையை நீட்டுகிறேன் என்கிறார் பெரியம்மா.

தாங்கியிலிருந்து எடுத்தவுடன் தானாக எரியவும் வைத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் முதலில் பிடித்தது. அப்புறம் பகலில் தூசி துடைக்க எடுப்பார்கள், அது எரிவதே வெளிச்சத்தில் தெரியாது. சுவிட்ச் பின்னால் இருந்தும் டார்ச் எரிந்தால், தொட்டாலே நிலை தெரியும் என்ற ஏற்பாடே பொய்யாகிவிடுகிறது. இரண்டு வாரத்தில் நீக்கிவிட்டேன்.

காந்தம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரும்பு அலமாரியில் ஒட்டி வைக்க வசதியாக அடியில் வலுவான காந்தம் வைத்திருந்தேன். மாமாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்த பிறகுதான் உறைத்தது. அவர் டார்ச்சைச் சட்டைப் பையில் போடுவார், கருவி இருப்பது அதற்குச் சற்று மேலே, தோலுக்கு அடியில். காந்தம் உள்ள பொருளை அதிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். அன்று இரவே மூன்றிலும் காந்தத்தை எடுத்துவிட்டேன். காந்த முனையில் ஒட்டிச் சார்ஜ் ஏறும் டார்ச்சுகள் நிறைய வருகின்றன. வீட்டில் பேஸ்மேக்கர் வைத்தவர் இருந்தால் வாங்கும்முன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

மற்றபடி, உருளாமல் இருக்க உடம்பு ஆறு பட்டை. கையில் மாட்ட ஒரு கயிறு. தலையில் கட்டும் விளக்கை யாரும் போட்டுக்கொள்ளவில்லை.

குறை இன்னும் இருக்கிறது. தள்ளும் சுவிட்சின் இடுக்கு வழியே தண்ணீர் போகும். பெரியம்மாவுடையது ஒரு தரம் வாளிக்குள் விழுந்து, இரண்டு நாள் பிரித்துக் காயவைத்தேன். செல்லை மாற்றவும் நான்தான் வர வேண்டும், அது எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே ஒரு காந்தமும், அது நகர்வதை அறியும் உணரியும் வைத்துச் சுவிட்சை முழுக்க மூடலாம், ஆனால் திரும்பக் காந்தம் வந்துவிடுகிறது. இப்போது சுவிட்சின் மேல் மெல்லிய சிலிக்கோன் உறை போட்டு ஒன்று செய்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவிடம் கொடுத்தேன். தள்ளிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இறுக்கமா இருக்கு கண்ணு" என்றார். உறையின் தடிமனைக் குறைக்க வேண்டும்.