கணினி ஸ்பீக்கருக்கு இரண்டாவது சப்ஊஃபர்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

2.1 கணினி ஸ்பீக்கரோடு (இரண்டு சின்ன ஸ்பீக்கர், ஒரு சப்ஊஃபர்) இன்னொரு பவர்டு சப்ஊஃபர், அதாவது ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் பேஸ் பெட்டி, சேர்ப்பது சத்தத்தைக் கூட்டத்தான் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். நாற்காலியில் இருந்தாலும் கட்டிலில் இருந்தாலும் பேஸ் (அடித்தொண்டை போன்ற ஆழ்ந்த ஒலி) கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேட்பதுதான் அதன் பலன். நாகர்கோவில், தக்கலை பக்கத்துக் கான்கிரீட் வீடுகளில் 10க்கு 12 அடி அறை சாதாரணம். 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 47 அதிர்வு) அருகிலும், 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ் அருகிலும் அறையே சேர்ந்து அதிரும். சுவரோரம் காதை அடைக்கிற அதே பேஸ் நடு அறையில் காணாமல் போகும். ஓட்டு வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. பேஸ் கூரை வழியே வெளியேறிவிடும்.

12 அடி தள்ளி எதிரெதிராக இருக்கும் இரு சுவர்களிலும், சுவரின் நடுவில், சுவருக்கொரு சப் (சப்ஊஃபர்) வையுங்கள். 47 ஹெர்ட்ஸில் ஒன்று எழுப்புவதை மற்றது அமுக்கும். இரண்டும் அகலத்துக்கு நடுவில் இருப்பதால் 56-உம் அதிகம் கிளம்பாது. இரண்டையும் மேசைக்கடியில் அடுக்கினால் இந்தப் பலன் துளியும் கிடைக்காது.

இணைப்பில்தான் பலருக்கும் குழப்பம். கணினியின் பச்சை ஜாக்கில் (ஒலி வெளிவரும் துளை) ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர். ஒரு கிளை பழைய 2.1க்கு, மற்றது 3.5 எம்எம்–ஆர்சிஏ வயர் (ஒருமுனையில் ஹெட்ஃபோன் பின், மறுமுனையில் பழைய டிவிடி பிளேயர் வகைப் பின்) வழியாகப் புது சப்பின் லைன்-இன் துளைக்கு. அதன்பின் 2.1இன் வால்யூம் குமிழைத் திருகினால் புது சப்பின் சத்தம் மாறாது. குமிழை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு விண்டோஸ் வால்யூமில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். புது சப்பில் ஒரே ஆர்சிஏ இன்புட் இருந்தால் இடதையும் வலதையும் ஒய் வயரால் ஒன்றாக்க வேண்டாம். சின்ன ஸ்பீக்கர்களும் மோனோ ஆகிவிடும், இடது வலது வித்தியாசம் போய்விடும். ஒரு சேனலை மட்டும் கொடுங்கள். பெரும்பாலான பாடல்களில் பேஸ் இரு சேனலிலும் ஒன்றுதான்.

புது சப்பின் கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழான ஒலி மட்டும் சப்புக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் குமிழ்) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்கு மேல் போனால் ஆண்குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்கும். ஃபேஸ் சுவிட்சை (இரண்டு சப்பும் ஒரே நேரத்தில் முன்னும் பின்னும் அசைய வைப்பது) சோதிக்க, இரண்டு சப்புக்கும் சரிநடுவில் நின்று 60 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிடுங்கள். ஓங்கிக் கேட்கும் நிலைதான் சரி. மேசையில் இருந்தபடி சோதித்தால் தவறான நிலை சரியாகத் தோன்றும். இரண்டும் சம அளவில் ஒலித்தால் 6 டெசிபல் கூடும். எனவே முதலில் பழைய சப்பின் பேஸைக் குறையுங்கள்.

'ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் இரண்டு சப்பையும் கணினியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். எர்த் பின்னைப் பிடுங்குவது உயிருக்கே ஆபத்து. மலிவான கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் (இந்த இரைச்சலைத் தடுக்க வயரின் நடுவில் செருகும் சின்னக் கருவி) இரைச்சலோடு ஆழமான பேஸையும் தின்றுவிடும்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோரங்களில் நாள்பட்ட எதிரி உப்புக்காற்று. ஆர்சிஏ பின்கள் மங்கும், குமிழ் திருகும்போது கரகரக்கும். இரண்டு பருவமழைக்கும் முன்னால் மின்சாரத்தைத் துண்டித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துக் குமிழை முன்னும் பின்னும் பலமுறை திருப்புங்கள். கோனின் (அதிரும் கூம்புத் தகடு) விளிம்பு ஃபோமாக இருந்தால் இந்த ஈரத்தில் சீக்கிரம் பொடியும். ரப்பர் விளிம்பு பார்த்து வாங்குங்கள். ஈரத்துணியால் தரை துடைக்கும் வீட்டில் எம்டிஎஃப் (மரத்தூள் அழுத்திய பலகை) பெட்டியின் அடி ஊதிவிடும், அதனால் ரப்பர் கால் கட்டாயம். ஐப்பசி இடிக்குச் சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையும், கணினிக்குப் போகும் ஆர்சிஏ வயரையும் கழற்றிவிடுங்கள்.