சர்வர் நேரத்தைக் கையால் தள்ளிவைக்கும் ஹோஸ்டிங்காரர்களிடம் உஷார்

"முழுப் பராமரிப்பும் எங்கள் பொறுப்பு" என்று சொல்லி விற்கும் இடத்தில் தனி சர்வர் எடுத்திருப்பவர்களும் எடுக்கப்போகிறவர்களும் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். தகராறு இன்னும் தீராததால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை.

நாங்கள் கேட்டது சின்ன வேலை. புது சர்வர் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருந்தது. அதை எங்கள் நேர மண்டலத்துக்கு மாற்றித் தரும்படி டிக்கெட் போட்டோம். சர்வரில் எதையும் மாற்றத் தேவையான ரூட் அனுமதி அவர்களிடம் மட்டும்தான். சற்று நேரத்தில் "மாற்றியாயிற்று" என்று பதில் வந்தது. கண்ட்ரோல் பேனலிலும் மணி சரியாகத்தான் தெரிந்தது.

உண்மையில் அவர்கள் மண்டலத்தைத் தொடவே இல்லை. அதை யுடிசியிலேயே விட்டுவிட்டு, கடிகாரத்தைப் பல மணி நேரம் முன்னால் தள்ளிவைத்திருந்தார்கள்.

இதில் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு: லினக்ஸ் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) மண்டலத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலை கிடையாது. 1970 ஜனவரி 1, யுடிசி நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடி கடந்தது என்ற ஓர் எண்ணைத்தான் அது வைத்திருக்கிறது. மண்டலம் என்பது அந்த எண்ணை மனிதர் படிக்கும் மணியாக மாற்றிக் காட்டும் விதி. அதை மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும், எண் அசையாது. இவர்கள் எண்ணையே மாற்றிவிட்டார்கள். திரையில் மணி சரி. ஆனால் எங்கள் சர்வர் உலகத்துக்கு முன்னால் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

அதைவிட மோசம் அடுத்து நடந்தது. என்டிபி (நெட்வொர்க்கில் உள்ள நேர சர்வர்களிடம் மணி கேட்டுக்கொள்ளும் முறை) வழியாக நேரம் பார்க்கும் க்ரோனி என்ற மென்பொருள் எங்கள் சர்வரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அது தன் கடமையைச் செய்து கடிகாரத்தைத் திரும்பச் சரியான இடத்துக்கு இழுத்திருக்கிறது. "க்ரோனி நேரத்தைக் கெடுக்கிறது, நிறுத்தப்பட்டது" என்று உள்குறிப்பு எழுதிவிட்டு, அவர்களுடைய பொறியாளர் அதை முடக்கியிருக்கிறார். பின்னாளில் வேறொருவர் பழைய குறிப்புகளைத் தவறுதலாக எங்கள் டிக்கெட்டில் ஒட்டியதால்தான் இது எங்கள் கண்ணில் பட்டது. இல்லையென்றால் இன்றைக்கும் "உங்கள் ஆப்பில் ஏதோ பிழை" என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் உடைந்தது லாகின். இரட்டைச் சரிபார்ப்புக்கு போன் ஆப் காட்டும் ஆறு இலக்க எண் 30 வினாடிக்கு ஒருமுறை மாறுவது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இருந்தால்தான் எண் பொருந்தும். யாருடைய எண்ணும் பொருந்தவில்லை. "உங்கள் போன் நேரத்தைச் சரிபாருங்கள்" என்றது சப்போர்ட். எல்லாருடைய போனும் ஒரே நாளில் கெட்டுப்போகுமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பிறகு வெளிச் சேவைகள் தரும், ஒரு மணி நேரமே செல்லுபடியாகும் டோக்கன்கள் (டிஜிட்டல் அனுமதிச் சீட்டுகள்) எங்களிடம் வந்து சேரும்போதே காலாவதி. நாங்கள் அனுப்பும் டோக்கன்களை மறுபக்கம் "எதிர்காலத்தில் வழங்கப்பட்டது" என்று திருப்பி அனுப்பியது.

இதெல்லாம் சத்தம் போட்டு உடைந்தவை. சத்தமில்லாமல் போனது பேக்கப். அதுவும் அவர்கள் பேக்கேஜில் அடங்கியதே. பேக்கப் போய்ச் சேர வேண்டிய எஸ்3 வகை இணையச் சேமிப்பில் வரும் ஒவ்வொரு கோரிக்கையிலும் நேரம் போட்டுக் கையொப்பம் இருக்கும். 15 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கதவைத் திறக்காது. அதனால் ஒவ்வோர் இரவும் பேக்கப் நிராகரிக்கப்பட்டிருக்கிறது. பிழைச் செய்தி போனது அவர்களுடைய அஞ்சல் பெட்டிக்கு, அதை யாரும் திறக்கவில்லை. ஒரு டேபிளை மீட்க வேண்டிவந்து கேட்டபோது அவர்கள் எடுத்துக் கொடுத்த கடைசிப் பிரதி, மணி "மாற்றிக்கொடுத்த" தேதிக்கு முந்தையது.

புகார் முற்றியதும் சர்வரை ரீபூட் செய்தார்கள். எதுவும் மாறவில்லை. காரணம், மதர்போர்டில் இருக்கும் ஹார்டுவேர் கடிகாரம். மின்சாரம் போனாலும் பொத்தான் பேட்டரியில் ஓடும் இது, பெரும்பாலும் வினாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தை வைத்து நேரம் எண்ணுவது. தேதி, மணி, நிமிடம், வினாடி வைத்திருக்கும். பழைய பிசி வடிவமைப்பில் அது எந்த மண்டலத்து மணி என்று குறித்துவைக்க இடமே கிடையாது. லினக்ஸ் வழக்கமாக அதை யுடிசி என்று எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் உள்ளூர் மணி என்று எடுத்துக்கொள்ளும். அவர்களுடைய பொறியாளர், தள்ளிவைத்த மணியை அதிலும் எழுதிவைத்துவிட்டார். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் லினக்ஸ் அந்தப் பொய்யை யுடிசி என்று நம்பி எழுந்தது. பின்னர் வந்த மூத்த பொறியாளர் ஓடும் நேரத்தை மட்டும் சரிசெய்துவிட்டுப் போனார். ஹார்டுவேர் கடிகாரத்தையும் தொடவில்லை, க்ரோனியையும் எழுப்பவில்லை. என்டிபியோடு ஒத்திசைந்து ஓடும் கெர்னல் சுமார் 11 நிமிடத்துக்கு ஒருமுறை ஹார்டுவேர் கடிகாரத்தைத் தானே திருத்திவிடும், க்ரோனி இருந்திருந்தால். அடுத்த கெர்னல் அப்டேட்டுக்கு ரீபூட் ஆனதும் பழைய குருடி கதவைத் திறடி.

கடைசியாகச் சரிசெய்த விதமும் லட்சணம்தான். முன்னறிவிப்பே இல்லாமல், வேலை நடந்துகொண்டிருக்கும்போது கடிகாரத்தைப் பல மணி நேரம் பின்னால் இழுத்தார்கள். டேட்டாபேஸில் இன்னும் நடக்காத நேரத்தில் பதிவான வரிகள் கிடந்தன. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டெபியன் லினக்ஸின் கிரான், 3 மணி நேரத்துக்கு மேற்பட்ட மாற்றத்தை "கடிகாரத் திருத்தம்" என்று கருதி உடனே புது நேரத்துக்கு மாறிவிடும்; ஆகவே ஏற்கெனவே ஓடிமுடிந்த வேலைகள் அன்றைக்கே இரண்டாம் முறை ஓடின.

இத்தனைக்கும் பிறகு "அவசரப் பணி" என்று தனியாக ஒரு பில். சேவைக் குறைவுக்கு ஈடு கேட்டால், ஒப்பந்தம் அப்டைமுக்கு மட்டும்தானாம், சர்வர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லையாம். சட்டப்படி அவர்கள் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். ஆகவே ஒப்பந்தம் போடும்போதே, என்டிபி ஒத்திசைவு அவர்கள் பொறுப்பு, வித்தியாசம் இவ்வளவுக்கு மேல் போனால் அது சேவைக் குறைவு என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். முகம் சுளிக்கும் நிறுவனத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

யாராவது "நேரத்தை மாற்றிவிட்டோம்" என்றால் மணியைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். டைம்டேட்சிடிஎல் (timedatectl) என்று தட்டுங்கள், அதைப் பார்க்க ரூட் தேவையில்லை. லோக்கல் டைம், யுனிவர்சல் டைம் என இரண்டு வரி வரும். யுனிவர்சல் டைம் உங்கள் போன் காட்டும் யுடிசியோடு ஒத்துப்போக வேண்டும். எங்கள் சர்வரில் இரண்டு வரியிலும் உள்ளூர் மணியே இருந்தது. குட்டு உடைந்தது அங்கேதான். கீழே "சிஸ்டம் கிளாக் சின்க்ரனைஸ்டு" என்பதற்கு "யெஸ்" இருக்க வேண்டும், "ஆர்டிசி இன் லோக்கல் டிஇசட்" என்பதற்கு "நோ" (ஆர்டிசி என்பது அந்த ஹார்டுவேர் கடிகாரம்தான்). பிறகு ஒரு ரீபூட் கேட்டு வாங்கி, அதே வரிகளைத் திரும்பப் பாருங்கள்.

மண்டலப் பெயரையும் கவனியுங்கள். கண்டம், நகரம் என்று வரும் பெயர்தான் வேண்டும். சிலர் 'ஈடிசி/ஜிஎம்டி' வகைப் பெயரைப் போட்டுவிடுவார்கள். அதில் கூட்டல், கழித்தல் தலைகீழ்: ஜிஎம்டி+5 என்று போட்டால் யுடிசிக்கு 5 மணி நேரம் பின்னால் போகும். கோடைக்கால நேர மாற்றம் உள்ள நாடுகளின் விதியும் அதில் கிடையாது.