உடம்பைப் பிடிக்காத உடுப்பு: மூன்று ஆண்டுப் பாவனைக்குப் பின்

வீட்டுக்குள் உடுப்பின்றி இருப்பதையே என் உடம்பு விரும்புகிறது என்பதை நான் எனக்கே ஒப்புக்கொண்டது 2022 ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு பங்குனி இறுதியில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டது. மின்விசிறி நின்றுபோன அந்த இரவுகளில் நானும் மனைவியும் உடுத்தியிருந்ததைக் களைந்துவிட்டு, எங்கள் பழைய நாற்சார் வீட்டின் உள்விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தோம். நான்கு பக்கமும் வீடே சூழ்ந்து வானத்துக்கு மட்டும் திறந்திருக்கும் முற்றம் என்பதால் எவர் கண்ணிலும் படும் அச்சம் இருக்கவில்லை. மின்சாரம் சீரான பின்பும் அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. போகவேண்டும் என்று நாங்கள் விரும்பவுமில்லை.

ஆனாலும் யாழ்ப்பாணத்து வீடு நாள் முழுவதும் பூட்டிக் கிடப்பதில்லை. மீன்காரர் படலையில் நின்று கூப்பிடுவார், அயல்வீட்டு அக்கா முருங்கைக்காய் கொண்டு வருவார், கிணற்றடிக்கும் கொடியடிக்கும் பத்துத் தடவை போய் வரவேண்டும். அதனால் உடுக்காததைப் போலவே இருக்கும் ஓர் உடுப்பைத் தேடவேண்டியதாயிற்று.

முதலில் வாங்கியது விளையாட்டு வீரர்கள் அணிவது போன்ற மெல்லிய பொலியெஸ்ரர் காற்சட்டை. கையில் எடுத்தால் பாரமே தெரியாது. துணியும் மிகக் குறைவு. ஆயினும் மதியத்துக்குள் இடுப்பைச் சுற்றி இலாஸ்ரிக் பதிந்த சிவப்புக் கோடு எழும்பிவிடும். பருத்தி நூல் சாதாரண ஈரப்பதத்தில் தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீத ஈரத்தை உள்வாங்கும். பொலியெஸ்ரர் அரைச் சதவீதத்தைக்கூடத் தொடாது. எனவே சித்திரை வெயிலில் வழியும் வியர்வை துணிக்கும் தோலுக்கும் இடையிலேயே தேங்கி நின்றது. இரண்டு மாதத்தில் தொடையிடுக்கில் படை வந்தது. மருந்து எழுதித் தந்த வைத்தியர், தளர்வான பருத்தியை உடுக்கும்படியும் அந்த இடத்தை உலர்வாக வைத்திருக்கும்படியும் சொன்னார். அதன்பிறகு துணியின் அளவைப் பார்ப்பதை விட்டு, அது உடம்பில் எங்கே பிடிக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

கச்சையையும், அதாவது கோவணத்தையும், கட்டிப் பார்த்தேன். புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டும்போது என் பேரனார் கட்டியிருந்தது அதுதான். கால்களுக்கு அத்தனை காற்று வேறு எதிலும் கிடையாது. குனிந்து நிமிரவும் சுகம். எனினும் அரைஞாண் இறுக்கம் இலாஸ்ரிக்கின் இறுக்கத்துக்குக் குறைந்ததன்று. ஆள் வந்தால் அதோடு எழுந்து போகவும் முடியாது. விடியற்காலையில் வளவுக்குள் பாத்தி கொத்தும் ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும் இப்போதும் கட்டுகிறேன்.

கடைசியில் நிலைத்தது லுங்கி என்றும் சொல்லப்படும் சாரம். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும்: பருத்தி என்று சொல்லி விற்கப்படுபவற்றில் கலப்பு நூல் நிறைய உண்டு. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் பருத்தி கடதாசியைப் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். கலப்பு நூல் உருகிச் சுருண்டு, ஆறியபின் மணிபோலக் கட்டியாகிவிடும். முதன்முதல் வாங்கிய இரண்டு சாரங்களில் ஒன்று இப்படித்தான் உருகிற்று. புதுச் சாரத்தில் இருக்கும் கஞ்சி போக ஓர் இரவு ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தோய்த்த பிறகே உடுப்பது நல்லது.

மூட்டிய சாரம் ஒன்று முன்கதவுக்குப் பின்னால் ஆணியில் எப்போதும் தொங்குகிறது. படலைக் கொளுக்கியின் சத்தம் கேட்டதும் தலைவழியே போட்டு, இரு பக்கத்தையும் மடித்துச் சுருட்டி விட்டால் போதும். ஆள் முற்றத்துக்கு வருமுன் நான் விறாந்தையில் நிற்பேன். நல்லூர்க் கந்தனின் சந்நிதிக்குள் ஆண்கள் மேலாடை களைந்தே போகும் ஊர் இது என்பதால், வெறும் மேலுடன் நிற்கும் ஆணை எவரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. பெண்ணுக்கு அந்தச் சலுகை இல்லை என்பது எனக்கு மனவருத்தமே.

மனைவி முதலில் கிணற்றடிக் குறுக்குக்கட்டை வீட்டுக்குள்ளும் கட்டிப் பார்த்தார். நெஞ்சை இறுக்குகிறது என்று நாலாம் நாளே விட்டுவிட்டார். பிறகு பழைய வொயில் சேலையொன்றை வெட்டி, கையில்லாமல், அகலமான தோள்பட்டியுடன், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும்படி தாமே ஒரு சோட்டி தைத்தார். துணி மெல்லியதால் முன்பக்கம் மட்டும் இரட்டை மடிப்பு, உள்ளாடை தேவைப்படவில்லை. “இஞ்சாருங்கோ, நாடாவும் இலாஸ்ரிக்கும் இல்லாமல் இருந்தாலே பாதி உடுப்புக் கழட்டின மாதிரித்தான்” என்றார். இப்போது அவரிடம் அப்படி நான்கு சோட்டிகள் இருக்கின்றன.

எங்களுக்கு அதிகம் தொல்லை தந்தது கிணற்றுத் தண்ணீர். சுண்ணக்கல் நிலத்து நீர் வன்னீர் ஆதலால் சவர்க்காரம் நுரைக்காமல் திரைந்து, அந்தத் திரள் நூலுக்குள் படிந்துவிடுகிறது. ஆறு மாதத்தில் என் சாரம் மட்டையைப் போல விறைத்து, வெறும் தொடையில் உரசி அரித்தது. கடைசியாக அலம்பும் வாளியில் அரைக் கோப்பை வினாகிரி விட்டுப் பத்து நிமிடம் ஊறவைக்கத் தொடங்கிய பிறகு மென்மை திரும்பியது. மாரியில் பீலியால் விழும் மழைத்தண்ணீரைப் பிடித்துத் தோய்த்தால் அதுவும் தேவையில்லை. சவர்க்காரத்தையும் முன்பு போட்டதில் பாதியாகக் குறைத்துவிட்டோம்.

எந்த நேரமும் வெறும் உடம்போடு இருக்க முடியாது என்பதையும் சொல்லவேண்டும். மாரிகாலத்தில் டெங்குப் பயம் உண்டு. அந்த நுளம்பு பகலில், சிறப்பாகக் காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும் கடிப்பது. மெல்லிய துணிக்கு மேலாலும் அது கடிக்கும் என்பதால், அந்த வேளைகளில் நாங்கள் நீளக்கை உடுப்பையே அணிகிறோம். குசினியில் தாளிக்கும்போது வயிற்றில் எண்ணெய் தெறித்த தழும்பு எனக்கு இன்னும் இருக்கிறது. அடுப்படியில் தடித்த துணி கட்டாயம். கதிரையில் இருக்குமுன் துவாய் ஒன்றை விரித்துக்கொள்வது சுத்தத்துக்கும் நல்லது, பிளாஸ்ரிக் தோலில் ஒட்டாமலும் இருக்கும்.

மூன்று ஆண்டில் முதற் சாரத்தின் நிறம் பாதி போய்விட்டது. மூட்டிய இடம் இரண்டு தடவை பிரிந்து மறுபடி தைத்தாயிற்று. ஆனால் அதன் துணி இப்போது இருக்கும் மென்மை புதிதாக வாங்கியவற்றில் எதற்கும் இல்லை. இரவில் குளிர்ந்தால் நான் தேடி இழுத்துப் போர்த்துவது அதைத்தான்.