ரெய்ஷி காளான் கேப்சூல், ரெண்டு மாசம் வாங்கி பாத்தாச்சு

அம்மாவுக்கு தூக்கமே சரியில்லன்னு ரெய்ஷி காளான் கேப்சூல் வாங்குனேன், சீனாவுல லிங்ஷின்னு காலங்காலமா மருந்தா குடிக்கிறது இதத்தான். ஒண்ணப் பிரிச்சு நாக்குல வச்சு பாத்தேன், நிலவேம்பு கஷாயம் மாதிரி அப்படி ஒரு கசப்பு, அதுல இருக்குற ட்ரைடெர்பீன்ங்கிற கசப்பு வேதிப்பொருள்தான் காரணம், அதனால கசக்கலன்னாதான் சந்தேகப்படணும். இப்ப அம்மா கொஞ்சம் நல்லா தூங்குறாங்க, ஆனா சாயங்கால காபியையும் நிறுத்திட்டோம், எதனாலன்னு அடிச்சு சொல்ல முடியல. சுகர், கேன்சர் எல்லாம் குணமாகும்னு வித்தவர் சொன்னாரு பாருங்க, அது ரொம்ப தப்பு, அதுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. டப்பால பீட்டா குளுக்கன், அதாவது காளான்ல இருக்குற ஒரு வகை நார்ச்சத்து, எத்தன சதவீதம்னு போடவே இல்ல, பெரிய குறை. வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திர போடுறவங்க டாக்டர கேக்காம இத தொடவே வேணாம், ரத்தக்கசிவு வரலாம்.