போர் தண்ணீருக்கு ஆர்.ஓ.வா, சாஃப்ட்னரா, அடுப்பா?

எங்கள் அடுக்ககம் சென்னை மடிப்பாக்கத்தில். போன மாதக் கூட்டத்தில் முதல் மாடி மாமா, தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டரோடு வந்து உட்கார்ந்தார். கடின நீரை மென்னீராக்க மொட்டை மாடியில் எல்லாரும் பணம் போட்டு வைத்த சாஃப்ட்னர் வேலையே செய்யவில்லை என்பது அவர் கட்சி. வைப்பதற்கு முன் மீட்டரில் லிட்டருக்கு 1400 மில்லிகிராம். வைத்த பிறகு அதைவிடக் கொஞ்சம் கூட. "நல்லா ஏமாத்திட்டான் சார்" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

ஆனால் அதே வாரம் எங்கள் வீட்டில் சோப்பு நுரைத்தது. பல வருடத்தில் முதல் தடவை.

இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும் என்று பார்த்தால், நம் தண்ணீருக்கு எந்தச் சாதனம் தேவை என்பதும் தெரிந்துவிடும். அதற்குப் பள்ளிக்கூடத்தில் படித்த இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் போதும்.

முதலில் ஆர்.ஓ. இதில் எந்தப் பொருளும் வேறு பொருளாக மாறுவதில்லை. மோட்டார் அழுத்தத்தில் தண்ணீர் ஒரு சவ்வைக் கடக்கிறது, உப்பில் பெரும்பகுதி இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. கால்சியம் கால்சியமாகவே வேஸ்ட் குழாயில் போகிறது. பிரித்தெடுப்பது மட்டும்தான் என்பதால் சுத்தமான இயற்பியல் வேலை. சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குவதும் இதே சவ்வுதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் அங்கே தேவைப்படும் அழுத்தம் மட்டும் பல மடங்கு.

எங்கள் வீட்டு ஆர்.ஓ.வில் 1400 உள்ளே போய் 90 வெளியே வருகிறது. மீட்டர் வைத்திருப்பவருக்கு மனம் குளிரும். ஆனால் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடம் வேஸ்ட். அதைப் பிடித்து வைத்து வீடு துடைக்கிறோம், கழிவறைக்கு ஊற்றுகிறோம், அப்படியும் மீதி. குளியலறை வரைக்கும் ஆர்.ஓ. போட்டால் ஒரே கோடையில் போர் வற்றிவிடும். 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரியும் காய்ந்து லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சாஃப்ட்னர் வேறு ஜாதி. அதன் உருளைக்குள் சோடியம் ஒட்டிய பிசின் மணிகள் இருக்கின்றன. கால்சியமும் மெக்னீசியமும் அதிகமுள்ள நீர்தான் கடின நீர்; அது வரும்போது மணி அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைக் கொடுத்து அனுப்புகிறது. பண்டமாற்று. நீரில் கரைந்திருப்பது இப்போது வேறு உப்பு. ஆகவே இது வேதியியல் பக்கம். ஒவ்வொரு 40 கிராம் கால்சியத்துக்கும் 46 கிராம் சோடியம் வருகிறது. அப்புறம் மாமாவின் மீட்டர் எப்படி இறங்கும்? உப்பு மொத்தம் எவ்வளவு என்று சொல்லத்தான் அதற்குத் தெரியும், எந்த உப்பு என்று தெரியாது. சோப்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகத் திரண்டு பக்கெட்டில் ஒட்டுவது கால்சியமும் மெக்னீசியமும்தான். அவை போனதும் நுரை வந்துவிட்டது.

இங்கே ஒரு வேடிக்கை. திரும்பப் பழையபடி ஆனால் இயற்பியல் மாற்றம், ஆகாவிட்டால் வேதியியல் மாற்றம் என்றுதானே பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம்? சாஃப்ட்னரில் வாரம் ஒரு முறை உப்புக் கரைசலை விட்டால் மணிகள் கால்சியத்தைக் கக்கிவிட்டுப் பழையபடி சோடியத்தோடு நிற்கும். வேதியியல் மாற்றத்தையே வாராவாரம் திருப்பிப் போடுகிறோம். அந்தச் சூத்திரத்தை நம்பிக் கடைக்குப் போகக் கூடாது.

எல்லாம் திரும்பும் என்றும் இல்லை. எங்கள் போர் தண்ணீர் பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு மணி நேரத்தில் பக்கெட் அடியில் செம்மண் நிறம். கரைந்திருந்த இரும்பு காற்றுப்பட்டு துருவாகிறது. அந்தத் துரு பிசின் மணியில் படிந்தால் சாதாரண உப்புக் கரைசலுக்கு அசையாது. முன்பு ஒருவர் இரும்பைச் சோதிக்காமலே சாஃப்ட்னரை மாட்டிவிட்டுப் போனார். ஒன்றரை வருடத்தில் மணிகள் காப்பித்தூள் நிறமாகிவிட்டன. இரும்பு இருந்தால் அதற்கான வடிகட்டி முதலில், சாஃப்ட்னர் அப்புறம்.

இன்னொன்று, அந்தக் கழிவு உப்புநீரை மழைநீர்த் தொட்டியில் விடாதீர்கள். 2003-ல் ஊரே தோண்டிய தொட்டி, மழைக்காகத் தோண்டியது.

சாஃப்ட்னர் தண்ணீரைக் குடிக்கலாமா? எங்கள் தண்ணீரின் கடினத்தன்மை, வழக்கமாகச் சொல்லும் கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 600 மில்லிகிராம். இந்தியத் தரநிலைப்படி 200 வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை. அதை முழுக்க மாற்றினால் லிட்டருக்கு 276 மில்லிகிராம் சோடியம் கூடுதலாகச் சேரும். இரண்டு லிட்டர் குடித்தால் 550-க்கு மேல். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் உச்சவரம்பே 2000. ஏற்கெனவே ஊறுகாய், அப்பளம் சாப்பிடும் பி.பி.க்காரர் வீட்டில் நான் இதைச் சமையலறைக்குக் கொண்டுபோக மாட்டேன்.

அடுப்பு? கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அதில் சந்தேகமில்லை. உப்பு விஷயத்தில் அது அரை வைத்தியம். கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் பாத்திரத்தில் படியும். கெட்டிலின் வெள்ளைப் பொருக்கு அதுதான். எலுமிச்சை பிழிந்தால் நுரைத்துக் கரையும். சல்பேட், குளோரைடாக இருக்கும் கடினத்தன்மை கொதிக்கு அசையாது. ஆவி போகப் போக மிச்சத் தண்ணீரில் அதன் செறிவு இன்னும் ஏறும். எங்கள் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குதான் இறங்கியது, கேஸ் செலவு வேறு.

படிகாரமும் தேற்றாங்கொட்டையும் கலங்கலைத் தெளிய வைக்கும், கடினத்தன்மையைத் தொடாது. இந்தப் போட்டியில் அவற்றுக்கு இடமில்லை.

ஆக என் தீர்ப்பு: போர் மட்டும் உள்ள கட்டடத்துக்கு மாடியில் சாஃப்ட்னர், சமையலறையில் மட்டும் சின்ன ஆர்.ஓ. சாஃப்ட்னருக்குப் பின்னால் வருவதால் சவ்வில் சுண்ணாம்பு படியாது, கூடுதல் சோடியத்தையும் ஆர்.ஓ. பார்த்துக்கொள்ளும். மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், வரும் வீட்டில் மீட்டர் 500-க்குக் கீழே காட்டினால் அடுப்பே போதும். அந்த அளவுக்குக் கீழே ஆர்.ஓ. வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொன்னது. நெம்மேலியில் ஏற்கெனவே சவ்வு கடந்து வந்த தண்ணீரை வீட்டில் இன்னொரு சவ்வுக்குள் தள்ளி முக்கால்வாசியைச் சாக்கடைக்கு அனுப்புவது எனக்கு ஏறவே இல்லை.

மாமாவுக்கு மருந்துக்கடையில் கிடைப்பது போன்ற சின்னக் காகிதப் பட்டை ஒன்றைக் கொடுத்தேன், கடினத்தன்மை பார்ப்பது. மாடித் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். நிறம் மாறவில்லை. "அப்போ இந்த மீட்டர் எதுக்குய்யா?" என்றார். ஆர்.ஓ.வுக்கு என்றேன்.